அந்தச் சூரியனைக் கீறியது நான்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருடைய எழுத்தைக் கண்டாலும் திருத்தாமல் இருக்கமாட்டேன். கலியாணக் கடிதத்தில் ஒரு பிழை கண்டால் பேனை தேடுவேன். கடைப் பலகையில் பிழை இருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவேன். என் கணவர் என்னோடு சண்டை பிடிக்கையில் சொல்லும் வசனங்களைக்கூடத் திருத்தியிருக்கிறேன். அதனால் சண்டை இன்னும் பெருத்ததுதான் மிச்சம். "செத்தவீட்டிலை ஒப்பாரி பிழைச்சாலும் உமக்குத் திருத்தவேணும்" என்பார் அவர். அவர் சொன்னது பகிடி. ஆனால் இந்தப் பழக்கத்தால் ஒரு பிள்ளைக்கு நான் செய்தது பகிடி இல்லை. அதை எழுத உட்காருவேன், இரண்டு வரியோடு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைப்பேன். இன்றைக்கு எழும்புவதில்லை என்று இருக்கிறேன்.

எழுபதாம் ஆண்டுக்குச் சற்று முந்திய காலம். வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு நான் ரீச்சர். சித்திரம் படிப்பிக்க வேறு ஆள் இல்லாததால் அதுவும் என் தலையில் விழுந்தது. சுருவிலில் இருந்து சைக்கிளில் போவேன். அப்போதெல்லாம் பொம்பிளை சைக்கிள் ஓடினால் வீதியில் நாயும் நின்று பார்க்கும். எனக்கு வயது இருபத்தாறு. வாய் நீளம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வட்டாரக் கல்வி அதிகாரி ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம் என்றிருந்தது.

அந்த வருடம் கொழும்பில் கந்தோர் வேலை பார்த்த என் அண்ணை லீவில் வரும்போது ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். நடைபாதைக் கடையில் வாங்கியதாம். "நீர் படம் கீறப் பழக்கிறனீர்தானே, இந்தாரும்" என்று தந்தார். வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் கதை, பிள்ளைகளுக்காக எழுதியது. உள்ளே பெரிய பெரிய வண்ணப் படங்கள். முதல் படத்தைப் பார்த்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆளும் இல்லை, மரமும் இல்லை, வீடும் இல்லை. நிறங்கள் மட்டும். கறிச்சட்டியைக் கழுவாமல் விட்டது போல இருந்தது.

"இதை எங்கடை மாடு வாலாலை கீறும்" என்றேன்.

"கீறட்டுமன், பாப்பம்" என்றார் அண்ணை.

சிரித்தாலும் வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. அவருடைய தகப்பன் துணிக்குச் சாயம் காய்ச்சும் வேலை செய்தவர். சின்ன வயதில் இவருடைய கையும் எந்நேரமும் ஏதோ ஒரு நிறமாகத்தான் இருக்குமாம். வளர்ந்து எல்லாரையும் போலப் பழங்களும் முகங்களும் கீறினார். ஒரு பனிக்காலத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு பழைய வைக்கோல் கொட்டிலில் பெரிய சீலையை நிலத்தில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து, வாளியில் இருந்து நிறத்தை அள்ளி வீசத் தொடங்கினார். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு மனதில் கிடந்ததைக் கீறினார் என்று புத்தகம் சொன்னது. ஊர் சிரித்தது. அவர் விடவில்லை.

இதை வகுப்பில் சொன்னேன். என் பிள்ளைகள் மண்டைதீவு, வேலணைப் பக்கத்துக் கடற்காரர்களின் பிள்ளைகளும் தோட்டக்காரர்களின் பிள்ளைகளும். சுற்றி நடந்து நிறத்தை வீசுகிறார் என்றதும் ஒருவன் எழும்பி, வீச்சு வலை வீசுகிற மாதிரி இடுப்பைத் திருப்பிக் காட்டினான். "இப்பிடியோ ரீச்சர்?" என்றான். "ஓமடா, உப்பிடித்தான்" என்றேன். அன்றிலிருந்து அந்த ஓவியருக்கு எங்கள் வகுப்பில் வீச்சுக்காரர் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் என் நாக்கிலும் சரியாகப் புரளவில்லை, பிள்ளைகளின் நாக்கிலும் புரளவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி இரண்டு பாடமும் வீச்சுக்காரருக்கு. கதையை நான் கொஞ்சம் திருத்தித்தான் சொன்னேன். அவர் குடித்துக் குடித்தே செத்தார் என்று புத்தகத்தில் இருந்தது. நான் "வருத்தம் வந்து மோசம் போனார்" என்றேன். அவர் மனைவி விட்டுவிட்டுப் போனதை "தாய்வீட்டுக்குப் போயிருந்தா" என்றேன். செத்த மனிதரின் வாழ்க்கையில்கூட என் பென்சில் சும்மா இருக்கவில்லை.

திருத்தாமல் சொன்ன இடங்கள் இரண்டு. ஒன்று, தன் படத்தைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டவர்களுக்கு அவர் வாசலைக் காட்டிவிடுவார் என்பது. அதை நான் வகுப்பின் சட்டமாகவே ஆக்கினேன். வெள்ளிக்கிழமைப் படத்தைப் பார்த்து யாரும் யாரையும் "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. ரீச்சரும் கேட்கமாட்டா.

மற்றது, ஒரு பணக்காரர் அவருடைய படத்தை வாங்கி, தன் சுவருக்கு அளவில்லை என்று ஓரத்தில் ஒரு சாண் வெட்டிவிட்ட கதை. வீச்சுக்காரர் கேள்விப்பட்ட அன்றே போய், அதைச் சுவரில் இருந்து கழற்றிக்கொண்டு வந்து எரித்துவிட்டார். வகுப்பு இரண்டு பட்டது.

"விசர் மனிசன் ரீச்சர். ஒரு சாண்தானே" என்றான் வலை வீசிக் காட்டியவன்.

பின் வாங்கில் இருந்து ஒரு பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னாள். "அது பிறகு அவற்றை படமில்லைத்தானே."

நான் கைதட்டினேன். "கேட்டியளோ? இவள்தான் சொன்னாள் சரியாய்!" என்றேன். நல்ல ரீச்சர் என்ற நினைப்பில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பிள்ளை நெடுந்தீவு. தாயில்லாதது. தாய் போனபின் தகப்பன் அவளை வேலணையில் தாயின் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தார். அவள் சின்னம்மா தலை இழுத்துப் பின்னிவிடுவதில் கண் இரண்டும் மேலே இழுபட்டு, எந்நேரமும் எதையோ கண்டு ஆச்சரியப்பட்ட முகம் போல இருக்கும். கேட்டால்தான் வாய் திறப்பாள். தாய் எப்படிப் போனாள் என்று நான் கேட்டதில்லை. அதெல்லாம் பிள்ளையிடம் கேட்கிற விஷயமா என்று விட்டுவிட்டேன்.

கதை சொல்லி முடிந்ததும் பிள்ளைகளும் வீச்சுக்காரரைப் போலக் கீறவேண்டும் என்றார்கள். பெயின்றுக்கு எங்கே போவது? சலவை நீலம் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, அரைத்த மஞ்சள், செங்கட்டித் தூள், விளக்குச் சிமினியில் சுரண்டிய கரி. எல்லாவற்றையும் கஞ்சிப் பசையில் குழைத்தோம். கோதுமை மா வருகிற வெள்ளைச் சீலைச் சாக்குகளைப் பிரித்துத் தோய்த்துக் காயவைத்தோம். நிறம் பூசப் பிறஸ் இல்லை என்றேன். மறுநாள் பிள்ளைகள் சூப்பிக் காய்ந்த பனங்கொட்டை கொண்டுவந்தார்கள். அதன் தும்பு மயிரைப் பிடித்து நிறத்தில் தோய்த்துப் பூசினால், வாங்கிய பிறஸ் தோற்றுப்போகும்.

பின்விறாந்தையில் சீலைகளை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தோம். பிறகு நடந்ததைக் கேட்கவேண்டாம். வீசினார்கள். சீலையில் விழுந்தது பாதி, ஆளுக்காள் விழுந்தது பாதி. அடுத்த திங்கள் ஒரு தாய் நீலம் அப்பிய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ரீச்சர், நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினனானோ, சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினனானோ?" என்றார். அதிபர் தன் அறையில் இருந்து எட்டிப் பார்த்தார். "குரங்கின்ரை கையிலை பூமாலை" என்று அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. குரங்கு பிள்ளைகளா நானா என்று கேட்கப் போய், நிரந்தரம் நினைவுக்கு வந்து பேசாமல் இருந்தேன்.

மற்றவர்கள் அரை மணித்தியாலத்தில் முடித்தார்கள். நெடுந்தீவுப் பிள்ளைக்கு மூன்று வெள்ளிக்கிழமை சென்றது. அவள் வீசவில்லை. பனங்கொட்டையால் கரியைத் தேய்த்தாள். காய்ந்ததும் அதன்மேல் நீலம், திரும்பக் கரி. சீலை முழுக்க இருட்டு. மூன்றாம் வெள்ளி, மேல் மூலையில் சுட்டுவிரல் நகத்தால் சுண்ணாம்பைத் தொட்டுச் சரிவாக ஒரு மெல்லிய கோடு இழுத்தாள். பிறகு நடுவுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அளவில் மஞ்சள் ஒரு துண்டு. அவ்வளவுதான். கை கழுவிவிட்டு வந்து, "முடிஞ்சுது ரீச்சர்" என்றாள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  அந்தப் புத்தகத்தின் ஒரு படமும் என்னை அப்படி நிறுத்தி வைத்ததில்லை. இது என்னடி பிள்ளை என்று கேட்க வாய் வந்தது. சட்டம் போட்டவள் நான்தானே, கேட்கவில்லை.

அடுத்த கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். பெற்றோர் தினத்துக்கு அதிகாரி வருகிறாராம், கைவேலையும் சித்திரமும் கண்காட்சியாக வைக்க வேண்டுமாம்.

"உம்முடைய நிரந்தரமும் அண்டைக்குத்தான் பாப்பினம் ரீச்சர். உந்தக் கிலிசைகெட்ட சாக்குகளை வைச்சு என்னையும் அவமானப்படுத்திப் போடாதையும். பிள்ளையளின்ரை படங்களைத் திருத்தி வையும்" என்றார்.

திருத்தி வைப்பது எங்கள் பள்ளிக்கூடங்களில் ஊரறிந்த வழக்கம். தையல் ரீச்சர் பிள்ளைகளின் தையலைப் பிரித்துத் தானே தைத்து வைப்பார். தோட்டப் பாடம் எடுத்தவர் தன் வீட்டுக் கத்தரிக்காயைப் பள்ளிக்கூடத் தோட்டத்துக் கத்தரிக்காய் என்று அடுக்குவார். பிள்ளை செய்தது பிள்ளை செய்ததுபோல இருந்தால் ரீச்சருக்கு வெட்கம். வருகிற அதிகாரிகளும் ஒரு காலத்தில் இதையே செய்தவர்கள்தான். ஆகவே அதைப் பிழை என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கு உபதேசம் நன்றாகத்தான் செய்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் தனியாக இருந்து திருத்தினேன். ஒருவன் வீசிய நீலத்துக்குள் மீன் கீறினேன். செங்கட்டிச் சிவப்பைச் செவ்வரத்தம் பூ ஆக்கினேன். கடைசியில் அவளுடைய சீலை. அதை அப்படியே விட்டுவிடுவோம் என்று ஒருதரம் மடித்து வைத்தேன். பிறகு, இருட்டுச் சாக்கைப் பார்த்து அதிகாரி என்ன சொல்லுவார் என்ற பயத்தில் திரும்ப விரித்தேன். மேல்பாதியில் தடிப்பாகச் சுண்ணாம்பும் நீலமும் பூசினேன். வானம் வந்தது. வெள்ளைக் கோடு அதற்குள் போயிற்று. கீழே இருந்த இருட்டு கடலானது. ஓரத்தில் இரண்டு பனை, நடுவில் பாய் விரித்த ஒரு வள்ளம். மஞ்சள் துண்டை வட்டமாக்கிக் கதிர் வைத்தேன். சூரியன் உதித்துவிட்டது. தள்ளி நின்று பார்த்து, வடிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படி நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

பெற்றோர் தினத்தன்று அதிகாரி வந்தார், மாலை போட்டோம், சுற்றிப் பார்த்தார். பாய் விரித்த வள்ளத்துக்கு முன்னால் நின்று, "ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோ! நல்லது, நல்லது" என்றார். முதற்பரிசு ஒரு வண்ணப் பெட்டி. அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. சீலையைத்தான் பார்த்தாள். இழுத்துப் பின்னிய தலையோடு, ஆச்சரியப்பட்ட அந்த முகத்தோடு, அசையாமல் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோய்த்துக் கட்டிய வேட்டி, வெயிலில் கறுத்த முகம். அவளுடைய தகப்பன். நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர். விடிய முதல் வள்ளத்தில் வந்திருக்கிறார்.

என்னைக் கண்டு கும்பிட்டார். "ரீச்சர், இவள் போன கிழமை வந்தேக்கை சொன்னவள், தாய்க்காரியை வள்ளத்திலை கொண்டுபோன நாளைக் கீறியிருக்கிறன், வந்து பாருங்கோ அப்பா எண்டு. அதுதான் மாட்டை அயலிலை விட்டிட்டு வந்தனான்" என்றார். பிறகு சீலையைப் பார்த்தார். வெயில் எறிக்கும் கடலையும் பாய் விரித்த வள்ளத்தையும் கனநேரம் பார்த்தார்.

"இதுதானோ பிள்ளை?" என்றார்.

"இது நான் கீறேல்லை அப்பா. ரீச்சர் கீறினது" என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதிகாரி இரண்டடி தூரத்தில் நின்றார். "என்ன சொல்லுறாள் பிள்ளை?" என்று திரும்பினார். அதிபர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஓம் சேர், நான்தான் திருத்தினனான் என்றால் அதிகாரி சிரித்துவிட்டுக்கூடப் போயிருப்பார். தலை போயிராது. எனக்கு நிரந்தரம்தான் கண்ணுக்குள் நின்றது.

"சும்மா சொல்லுறாள் சேர். பரிசு கிடைச்ச வெக்கம்" என்று சிரித்தேன். "அவள்தான் கீறினவள்."

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். தகப்பன் பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதை நான் கண்டேன். ரீச்சர் ஒன்று சொல்கிறா, பிள்ளை ஒன்று சொல்கிறது. அந்த மனிதர் யாரை நம்புவார்? "வடிவாய்த்தான் இருக்கு ரீச்சர்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் படலையால் வெளியே போனார்.

திங்கட்கிழமை அதிபர் அவளைக் காலைப் பிரார்த்தனையில் முன்னுக்குக் கூப்பிட்டு, பெரியவர்களுக்கு முன்னால் பொய் சொன்னதற்காக முழங்காலில் இருத்தினார். நான் என் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். வண்ணப் பெட்டி அன்றைக்கு என் மேசையில் இருந்தது, திறக்காமல். அடுத்த வெள்ளிக்கிழமை வீச்சுக்காரரின் புத்தகத்தை நான் எடுக்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. அவள் அடிமட்டம் வைத்து நேர்கோடு இழுத்து ஒரு வீடு கீறினாள். பக்கத்தில் ஒரு தென்னை. மேலே கதிர் வைத்த ஒரு சூரியன். தவணை முடியும்வரை அதையேதான் கீறினாள். பத்துக்கு ஏழு போட்டேன். தவணை முடிய நெடுந்தீவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது.

சீலை என்னிடம்தான் இருந்தது. ஒருநாள் ஈரத்துணியால் சூரியனை மட்டும் மெதுவாகத் துடைத்து எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். கஞ்சிப் பசை நனைந்ததும் என் சூரியன் துணியோடு கழன்று வந்தது. அதோடு அவளுடைய மஞ்சளும் வந்தது, அதற்கடியில் இருந்த கரியும் வந்தது. கடைசியில் வெறுஞ்சீலை தெரிந்தது. பயந்துபோய்க் காயவைத்து மடித்து அலுமாரிக்கு அடியில் போட்டேன். பிறகு கலியாணம், பிள்ளைகள், யாழ்ப்பாணப் பக்கம் மாற்றம். நெடுந்தீவு என்ன நிலவிலா இருக்கிறது? போகலாம். போகவில்லை. கடிதம் எழுதலாம். எழுதவில்லை. வழியில்லாமல் இல்லை, எனக்கு மனமில்லாமல்தான் போயிற்று.

ஒன்பது வருடம் கழித்து, ஒரு மார்கழியில், சோதனை மேற்பார்வைக்கு என்னை நெடுந்தீவுக்குப் போட்டார்கள். நானாகப் போகாததால் என்னைப் பிடித்து அனுப்பியதுபோல இருந்தது. சீலையைப் பையில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதே கடல் சரியில்லை. பாதி வழியில் அலை மேலே ஏறி அடிக்கத் தொடங்கியது. "பொம்பிளையள் எல்லாம் உள்ளுக்கை இறங்குங்கோ!" என்று வள்ளக்காரர் கத்தினார். கீழே இறங்கிக் குந்தினோம். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, கன்வஸ் படங்கை எங்கள் தலைக்குமேல் இழுத்துக் கட்டினார்கள்.

இருட்டு. டீசல் மணம், நனைந்த சீலை மணம், யாரோ சத்தி எடுத்த மணம். அலை வந்து படங்கில் மொத்தும்போதெல்லாம் அந்த இருட்டு அசைந்து நீலம்போலத் தெரிந்து திரும்பக் கறுத்தது. மேல் மூலையில் படங்கும் பலகையும் பொருந்தாத இடத்தில், சரிவாக, ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு.

"ஐயோ, என்ரை கடவுளே" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண், "என்ன ரீச்சர், தலையைச் சுத்துதோ? இந்தாங்கோ, தேசிக்காயை மணந்துகொண்டிருங்கோ" என்று என் கையில் ஒரு தேசிக்காயை வைத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கடலுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினார்.

சோதனை முடிந்த அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய வீட்டை விசாரித்துப் போனேன். கல்வேலிக்கு உள்ளே மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். தலை நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டார். "வாங்கோ ரீச்சர்" என்று கதிரை எடுத்துப் போட்டார். பிள்ளை எங்கே என்று கேட்டேன். கலியாணம் முடித்து வன்னிப் பக்கம் போய்விட்டாளாம்.

இருக்காமல் நின்றபடியே சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு அவள் சொன்னது மெய். அந்த வள்ளம் நான் கீறினது. சூரியனும் நான் கீறினது. பொய் சொன்னது நான்."

அவர் மாட்டுத் தொட்டியில் மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். நான் சீலையை விரித்துக் கொடுத்தேன். என் வானமும் பனையும் வள்ளமும் அப்படியே இருந்தன. சூரியன் இருந்த இடத்தில் மட்டும் வெறுஞ்சீலை.

"இதிலை மஞ்சளாய் ஒண்டு கீறியிருந்தவள். அதைத்தான் நான்..." என்றேன். 

அவர் அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார். "கை" என்றார். "தாய்க்காரிக்குச் செங்கமாரி. கடைசியிலை கையெல்லாம் மஞ்சள். ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கை கடல் அடிச்சு, படங்கை மூடிப் போட்டாங்கள். நான் மேலை நிண்டனான், இவள்தான் உள்ளுக்கை தாயின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள். கரைக்கு வந்து படங்கைத் திறந்த பிறகுதான் ஆள் போனது எங்களுக்குத் தெரியும். இவளுக்கு முதலே தெரிஞ்சிருக்கும்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அண்டைக்குப் பின்னேரம் நான் இவளுக்கு அடிச்சனான் ரீச்சர்" என்றார் அவர். "மச்சாள் வீட்டுப் படலையடியிலை வைச்சு. செத்த தாயை வைச்சுப் பொய் சொல்லுறியோ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சனான். அதுக்கு முதல் ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. அவள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ரீச்சர் பொய் சொல்லுவா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசினால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் ஒரு அப்பியாசக் கொப்பித் தாளும் பேனையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எனக்கு எழுத வராது. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. சீலையையும் வைச்சிட்டுப் போங்கோ, ஆரும் போகேக்கை குடுத்துவிடுறன்" என்றார்.

அந்தக் கடிதம் அவளிடம் போனதா, அவள் என்ன நினைத்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பிள்ளை, ரீச்சர் வந்தவா. கீறினது தானெண்டு சொன்னவா. நீ பொய் சொல்லேல்லை. நான் அடிச்சது பிழை. அம்மான்ரை கை மஞ்சளாய்த்தான் இருந்தது."

என் பேனை தாளுக்குமேல் நின்றது. வந்தவா என்பதை வந்தார் ஆக்கு, அம்மான்ரை என்பதை அம்மாவின் ஆக்கு என்று கை துடித்தது. அவர் அதைக் கண்டுவிட்டார். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"என்ன ரீச்சர், பிழையோ? பிழையெண்டால் திருத்தி எழுதுங்கோ."

"இல்லை அண்ணை" என்றேன். "ஒரு பிழையும் இல்லை."